காபிப் பழத்துக்குள் இருக்கும் வண்டை வெட்டாமல் 3டி எக்ஸ்ரேயில் பார்ப்பது எப்படி?

கேள்வி இதுதான். சேலத்தில் விலங்கியல் முதுகலை படிக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார். ஏற்காட்டுத் தோட்டத்தில் பறித்த காபிப் பழங்களில் பெர்ரி போரர் வண்டு குடைந்த சுரங்கத்தையும், அந்த வண்டின் உள்ளுறுப்புகளையும் வெட்டாமல் முப்பரிமாணத்தில் பார்க்க வேண்டும். ஊரில் இருக்கிற ஆஸ்பத்திரி சிடி ஸ்கேன் போதுமா? மைக்ரோ சிடிதான் வேண்டுமென்றால் சாம்பிளை எப்படித் தயார் செய்து அனுப்புவது? அயோடினில் ஊறப்போடச் சொல்கிறார்களே, அது கட்டாயமா?

முதல் கேள்விக்குக் கணக்கே பதில் சொல்லிவிடும். ஆஸ்பத்திரி சிடியில் 3டி படத்தின் மிகச்சிறிய கனசதுரம், அதாவது வோக்சல், சுமார் அரை மில்லிமீட்டர். பெர்ரி போரர் பெண் வண்டின் நீளம் ஒன்றரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல், ஆண் அதைவிடச் சின்னது. ஆக மொத்த வண்டும் மூன்று நான்கு கட்டத்துக்குள் அடங்கிவிடும். சுரங்கம் ஏதோ கறுப்புப் புள்ளியாகத் தெரியலாம், அவ்வளவுதான். இதே கேள்வியைச் சேலத்து மாம்பழத்தைக் கொட்டை வண்டு தாக்குவது பற்றிக் கேட்டிருந்தால் பதில் வேறு. அந்த வண்டு கிட்டத்தட்ட 8 மி.மீ. இருக்கும், கொட்டைக்குள் அது உண்டாக்கும் பொந்து இன்னும் பெரியது. அதற்கு ஆஸ்பத்திரி சிடியே ஓரளவு போதும். காபிக்கு மைக்ரோ சிடிதான்.

மைக்ரோ சிடியில் எக்ஸ்ரே குழாயும் டிடெக்டரும் அசையாமல் நிற்கும், சாம்பிள் சுழலும். சாம்பிளை எக்ஸ்ரே குழாய்க்கு எவ்வளவு அருகில் வைக்கிறோமோ அவ்வளவு உருப்பெருக்கம். டிடெக்டரின் அகலம் சுமார் 2,000 பிக்சல் என்று வைத்துக்கொண்டால், சாம்பிளின் அகலத்தை 2,000-ஆல் வகுத்தால் வோக்சல் அளவு கிடைத்துவிடும். 15 மி.மீ. பழம் என்றால் 7.5 மைக்ரான், ஓரத்தில் கொஞ்சம் இடம் விட்டால் 8 மைக்ரான். வண்டை மட்டும் தனியாக எடுத்து 2 மி.மீ. அகலத்துக்குள் நிறுத்தினால் 1 மைக்ரான். ஒன்றை மறக்கக் கூடாது: 8 மைக்ரான் வோக்சலில் 8 மைக்ரான் பொருள் தெரியாது. எதையும் நம்பி அளக்க அதன் குறுக்கே குறைந்தது மூன்று வோக்சலாவது வேண்டும். அதனால் உங்கள் வேலை உண்மையில் இரண்டு தனித்தனி வேலை. சுரங்கத்துக்கு முழுப் பழத்தை ஒரு ஸ்கேன், உள்ளுறுப்புக்கு வண்டை மட்டும் இன்னொரு ஸ்கேன். இரண்டுக்கும் தயாரிப்பு முறை ஒன்றுக்கொன்று நேர் எதிர். ஒரே பழத்தில் ஒரே தடவையில் இரண்டையும் முடிக்கப் பார்ப்பவர்களுக்கு இரண்டுமே கிடைப்பதில்லை.

சுரங்கத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். இதற்கு அயோடின் மாதிரிச் சாயம் வேண்டாம். சுரங்கத்துக்குள் இருக்கும் காற்றே சாயம். எக்ஸ்ரேக்குக் காற்றுக்கும் கொட்டைக்கும் உள்ள வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும் உள்ளது போல. இந்தக் காற்றைக் காப்பாற்றுவதுதான் உங்கள் ஒரே கடமை. பழத்தைப் பறித்ததும் பழக்கதோஷத்தில் 70% எத்தனாலில் போட்டுவிட்டால் திரவம் துளை வழியாகப் பாதி உள்ளே போகும், மீதி குமிழியாக நிற்கும். ஸ்கேன் சுழலும்போது குமிழி நகரும், படம் முழுக்கக் கோடு விழும். வண்டைக் கொல்ல வேண்டுமென்றால் மூடிய கண்ணாடி ஜாடியில் எத்தில் அசிடேட் நனைத்த பஞ்சைப் பழத்தில் படாமல் வைத்து, சில மணி நேரம் ஆவியில் விட்டால் போதும். கொல்லாமல் ஸ்கேன் செய்தால் வண்டு நடமாடும், வண்டு இருக்கும் இடம் மட்டும் புகை மாதிரி மங்கும். ஃப்ரீசரில் வைத்துக் கொல்வதையும் தவிருங்கள். உறையும் நீர் சதைப்பகுதியைப் பிளந்துவிடும், அந்தப் பிளவும் படத்தில் கறுப்பாகத்தான் தெரியும்.

பச்சைப் பழத்தின் இன்னொரு சங்கடம், அது காய்ந்துகொண்டே இருப்பது. ஒரு மணி நேர ஸ்கேனில் சில மைக்ரான் சுருங்கினாலே எல்லா விளிம்பும் இரட்டையாகத் தெரியும். பழத்தை மெல்லிய கிளிங் ஃபிலிமில் ஒரே சுற்றாகச் சுற்றுங்கள். 20 மி.லி. பிளாஸ்டிக் சிரிஞ்சின் பிஸ்டனைக் கழற்றிவிட்டு, வெறும் குழாய்க்குள் கீழே ஒரு துண்டு தெர்மாகோல், அதன் மேல் பழம், மேலே இன்னொரு தெர்மாகோல் துண்டு என்று இலேசாக அழுத்தி நிறுத்துங்கள். தெர்மாகோல் பெரும்பாலும் காற்று என்பதால் படத்தில் ஏறக்குறைய தெரியாது. வண்டு நுழைவது பழத்தின் நுனியிலுள்ள பொட்டுப் பகுதியில். அந்தத் துளை மேலே இருக்கட்டும், பழம் ஐந்து பத்து டிகிரி சாய்ந்து நிற்கட்டும். பழம் குழாய்க்குள் ஆடினால் ஸ்கேனே வீண். குழாயைத் தட்டிப் பாருங்கள், பழம் துளிகூட அசையக் கூடாது. குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்த சாம்பிளை நேராக மெஷினில் ஏற்றாமல், அந்த அறையிலேயே ஒரு மணி நேரம் வைத்துவிட்டு ஏற்றச் சொல்லுங்கள். சதை நீக்கி, கொட்டையைச் சுற்றிய மெல்லிய உறையான பார்ச்மென்ட்டோடு காயவைத்த காபி என்றால் இந்தக் கவலை பாதி குறையும். ஈரப்பதம் 10–12%-க்கு இறங்கிவிட்டதால் மேற்கொண்டு சுருங்காது.

ஏற்காட்டுப் பழங்களுக்கே உரிய ஒரு தொந்தரவும் உண்டு. இலைத்துரு நோய்க்காக மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவை அடிக்கிற தோட்டமாக இருந்தால், காய்ந்த படிவு பழத்தோலின் மேல் ஒட்டியிருக்கும். அதிலுள்ள காப்பர் எக்ஸ்ரேயை நன்றாக விழுங்குவதால் தோலின் மேல் பளீரென்று வெள்ளைப் பொட்டுகளும், அவற்றிலிருந்து நட்சத்திரக் கதிர் மாதிரிக் கோடுகளும் வரும். மண் துகளும் அப்படித்தான். மென்மையான நனைந்த தூரிகையால் தோலைத் துடைத்து, டிஷ்யூ காகிதத்தால் ஒற்றிய பிறகே சுற்றுங்கள். துளையில் தண்ணீர் இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மெஷின் அமைப்பை அங்குள்ளவர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடாதீர்கள், உங்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும். பழத்துக்கு 50–60 கிலோவோல்ட், 0.5 மி.மீ. அலுமினியத் தகடு ஃபில்டர் என்று தொடங்கலாம். பழத்தின் தடித்த இடத்தைக் கடந்து வரும் ஒளி 20–30% இருந்தால் நல்லது, 10%-க்குக் கீழே போனால் கிலோவோல்ட்டை ஏற்ற வேண்டும். 360 டிகிரிக்கு 0.2 டிகிரி வீதம் 1,800 படம். ஒவ்வொன்றும் ஒரு விநாடி, இரண்டு எடுத்துச் சராசரி என்றால் 3,600 விநாடி, சரியாக ஒரு மணி நேரம். 0 டிகிரியில் எடுத்த முதல் படத்தையும் முழுச் சுற்று முடிந்து 360 டிகிரியில் கூடுதலாக எடுத்த ஒரு படத்தையும் ஒன்றிலிருந்து ஒன்று கழித்துப் பார்க்கச் சொல்லுங்கள். வெறும் இரைச்சல் மட்டும் மிஞ்சினால் சாம்பிள் அசையவில்லை. பழத்தின் உருவரை நிழலாகத் தெரிந்தால் அங்கேயே, அப்போதே மறுபடி எடுத்துவிடுங்கள். சேலம் திரும்பிய பிறகு கண்டுபிடித்துப் பயனில்லை.

சரியாக வந்த குறுக்குவெட்டில் என்ன தெரியும்? வெளியே சாம்பல் நிறத்தில் தோலும் சதையும், அதற்குள் மெல்லிய கோடாகப் பார்ச்மென்ட், அதற்குள் தட்டைப் பக்கத்தால் ஒன்றையொன்று பார்த்து நிற்கும் இரண்டு கொட்டைகள். ஒவ்வொரு கொட்டையும் பாய் சுருட்டியது போல உள்நோக்கி மடிந்திருக்கும், அந்த மடிப்பு ஒரு கறுப்பு வளைகோடு. சுரங்கம் இதிலிருந்து வேறுபட்டுத் தெரியும். அதன் ஓரம் சீராக வளையாமல் கொறித்தது போல இருக்கும், குறுக்களவு வண்டின் உடம்பை ஒட்டியே போகும். உள்ளே வண்டு இருந்தால் அதன் கெட்டியான மேலோடு மெல்லிய வெண் வளையமாகத் தெரியும், உள்ளே ஏறக்குறைய ஒன்றும் தெரியாது. புழு சாம்பல் உருண்டையாகத் தெரியும். கொட்டையின் சாம்பலும் புழுவின் சாம்பலும் கிட்டத்தட்ட ஒன்றே என்பதால், சுரங்கச் சுவரில் ஒட்டிக் கிடக்கும் புழுவைச் சுவர் என்று எண்ணிவிடுவது சகஜம்.

இதையே வெள்ளைத் தண்டுத் துளைப்பான் தாக்கிய அராபிகா தண்டில் முயல நினைத்தால் ஏமாந்து போவீர்கள். அந்தப் புழு போகிற வழியெல்லாம் எச்சத்தையும் மரத்தூளையும் இறுக்கி அடைத்துக்கொண்டே போகிறது. சுரங்கத்தில் காற்றே இல்லை. மரத்துக்கும் அடைத்த தூளுக்கும் அடர்த்தி வித்தியாசம் கொஞ்சம்தான். அங்கே நிறத்தை விடத் தன்மையை வைத்துத்தான் அடையாளம் காண வேண்டும்: மரத்தில் குழாய்கள் வரிசையாக நிற்கும், தூளில் அந்த வரிசை இருக்காது.

இனி வண்டின் உள்ளுறுப்பு. உயிர்த்திசுவில் பெரும்பாலும் கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன், நைட்ரஜன். எல்லாமே இலேசான அணுக்கள், எக்ஸ்ரேக்குத் தசையும் குடலும் கொழுப்பும் ஏறக்குறைய ஒரே சாம்பல். எலும்பு மட்டும் கால்சியத்தால் தெரிகிறது. அதனால்தான் மைக்ரோ சிடி வந்த புதிதில் எலும்பு, பல், ஓடு என்றே சுற்றிக்கொண்டிருந்தது. 1982-ல் எலியட்டும் டோவரும் முதன்முதலாகச் செய்து காட்டியதே ஒரு நத்தை ஓட்டைத்தான். 2009-ல் மெட்ஷர் அயோடினும் பாஸ்போடங்ஸ்டிக் அமிலமும் கொண்டு எளிய சாய முறைகளைத் தொகுத்துக் கொடுத்த பிறகுதான் மென்திசு வேலை சாதாரண ஆய்வகங்களுக்கு வந்தது. அயோடினின் அணு எண் 53, டங்ஸ்டனுடையது 74. கன அணு ஒட்டிய இடம் வெள்ளையாகத் தெரிகிறது, அவ்வளவுதான் விஷயம்.

வண்டுக்கு எத்தனாலில் கரைத்த அயோடின் போதும். 100 மி.லி. அப்சல்யூட் (தண்ணீர் கலக்காத) எத்தனாலுக்கு 1 கிராம் அயோடின். வண்டை 70% எத்தனாலில் பதப்படுத்தி, 80, 90, 100 என்று படிப்படியாக, ஒவ்வொன்றிலும் அரை மணி நேரம் வைத்து ஏற்றுங்கள். பிறகு 24 மணி நேரம் அயோடினில். பூச்சியின் மேலோடு சாயத்தைச் சுலபத்தில் உள்ளே விடாது, ஒரு பக்கக் காலை எடுத்துவிட்டால் அந்த வாசல் வழியாக இறங்கும். எடுத்த காலை வீசிவிடாதீர்கள். சாயமேற்றும் முன்பே எடுத்து, தனிக் குழாயில் சுத்தமான எத்தனாலில் டிஎன்ஏ-வுக்கு வைத்துவிடுங்கள். ஸ்கேனில் விழும் கதிர்வீச்சு டிஎன்ஏ-வை அவ்வளவாகக் கெடுப்பதில்லை, சாயம்தான் கெடுக்கும். அயோடினில் ஊறிய வண்டை அப்சல்யூட் எத்தனாலில் இரண்டு தடவை அலசுங்கள்.

நிறுத்துவதற்கு 10 மைக்ரோலிட்டர் பிபெட் டிப் மாதிரி வசதியானது வேறில்லை. நுனியைச் சுடரில் காட்டி அடைத்து, எத்தனால் நிரப்பி, வண்டைத் தலைகீழாக உள்ளே விட்டால் குழாய் குறுகும் இடத்தில் தானே சிக்கி நின்றுவிடும். வாயைப் பாராஃபிலிம் என்ற இழுபடும் மெழுகுத் தாளால் மூடுங்கள். குமிழி இருந்தால் தட்டி மேலே ஏற்றுங்கள். 40 கிலோவோல்ட், ஃபில்டர் வேண்டாம். பூச்சியைக் காற்றில் காயவிட்டு எடுப்பவர்கள் உண்டு. மேலோடு மட்டும் நன்றாக வரும், உள்ளே எல்லாம் வற்றிச் சுருண்டு கிடக்கும்.

உங்கள் கேள்வியில் வண்டு மட்டும்தான், ஆனால் இலையோ கிழங்கோ தசையோ கொண்டுவருபவர்களும் இதையே கேட்பதால் லுகோல் கரைசல் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 100 மி.லி.க்குப் பொட்டாசியம் அயோடைடு 2 கிராம், அயோடின் 1 கிராம். அயோடைடை முதலில் 20 மி.லி. தண்ணீரில் கரைத்து, அந்தக் கெட்டிக் கரைசலில் அயோடினைப் போட்டுக் கலக்கி, முழுக்கக் கரைந்த பிறகே 100 மி.லி. வரை தண்ணீர் சேர்க்க வேண்டும். 100 மி.லி. தண்ணீரையும் முதலிலேயே ஊற்றிவிட்டால் அயோடின் அடியில் கிடந்து அரை நாள் சோதிக்கும். எடை போடக் கண்ணாடித் தட்டு, எடுக்கப் பிளாஸ்டிக் கரண்டி. எஃகுக் கரண்டியை அயோடின் அரித்துவிடும். பழுப்புக் கண்ணாடிப் பாட்டிலில், ஆவியை வெளியேற்றும் ஃப்யூம் ஹூட் பெட்டிக்குள் வையுங்கள்.

எவ்வளவு நேரம் ஊறவேண்டும் என்பதற்கு ஒரே பதில் கிடையாது. ஆழம் இரண்டு மடங்கானால் நேரம் நான்கு மடங்கு, பரவல் அப்படித்தான் நடக்கும். அவசரப்பட்டுக் கரைசலைக் கெட்டியாக்கினால் படத்தில் ஓரம் வெள்ளையாக எரியும், நடு சாயமேறாமல் மங்கிக் கிடக்கும், திசுவும் சுருங்கும். தசை மிக மோசமாகச் சுருங்கும். கரைசல் நாள்பட அமிலத்தன்மை ஏறுவதும் இதற்கு ஒரு காரணம், அதனால் பாஸ்பேட் பஃபரில் பிஹெச் 7.2 அளவில் வைப்பது நல்லது. சேலத்துக்காரருக்கு மரவள்ளிக் கிழங்கைச் சொன்னால் புரியும். ஜவ்வரிசி ஆலை மாவில் ஒரு சொட்டு அயோடின் விட்டால் கருநீலமாகும் அல்லவா? அதேதான் இங்கேயும். கிழங்குத் துண்டை லுகோலில் போட்டால் வெளிப்பக்கத்து மாவே அயோடின் மொத்தத்தையும் பிடித்துக்கொள்ளும், நடுவுக்கு ஒன்றும் போகாது. 5 மி.மீ. தடிமனுக்கு மேல் வைக்காதீர்கள், கரைசல் வெளுக்கிறபோதெல்லாம் மாற்றுங்கள்.

“சேதமில்லாத” ஸ்கேன் என்கிற சொல்லை இங்கேதான் சந்தேகத்தோடு பார்க்க வேண்டும். எக்ஸ்ரே சேதம் செய்வதில்லை என்பது பெரும்பாலும் சரி. சேதமெல்லாம் அதற்கு முந்தைய பாட்டில்களில் நடக்கிறது. சோடியம் தயோசல்பேட் கரைசலில் (1–3%) போட்டால் அயோடின் நிறம் போய்விடும், சுருங்கிய திசு திரும்ப விரியாது. பாஸ்போடங்ஸ்டிக் அமிலம் அந்த அளவுக்குக்கூடத் திசுவை விட்டுப் போகாது. அமிலம் என்பதால் எலும்பிலுள்ள கால்சியத்தையும் கரைக்கும். எனவே சாயமேற்றும் முன்னும் பின்னும் வெர்னியரால் நீளம் அகலம் அளந்து எழுதுங்கள், சாயமேற்றாத மூன்று மாதிரியையும் கூடவே அனுப்புங்கள். கன அளவு எண்களை வெளியிடப் போகிறீர்கள் என்றால் இது இல்லாமல் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். திரும்பக் கிடைக்காத மாதிரி என்றால் சாயமே கூடாது. ஏற்காட்டின் பெயரையே தாங்கி நிற்கும் நிமாஸ்பிஸ் ஏற்காடென்சிஸ் என்ற பகல் பல்லி 2000-ல் விவரிக்கப்பட்டது. அப்படிப்பட்ட ஒரு இனத்தின் பெயர்தாங்கி மாதிரியை, அதாவது அந்த இனத்துக்குப் பெயரிட ஆதாரமாக வைத்த மாதிரியை, எடுத்து வருபவர் எலும்புக்கூடு மட்டும் போதும் என்று திருப்திப்பட வேண்டும். சாயமில்லாமல் மென்திசு வேண்டுமென்றால், எக்ஸ்ரே அலை திசுவில் வளைவதை வைத்துப் படமெடுக்கும் ஃபேஸ் கான்ட்ராஸ்ட் முறை இருக்கிறது, இந்தியாவில் அதற்கு இந்தோரிலுள்ள இண்டஸ்-2 சின்க்ரோட்ரான் (எலக்ட்ரானைச் சுழற்றி வலுவான எக்ஸ்ரே தரும் பெரிய கருவி), அதன் இமேஜிங் நிலையம். வரிசையில் காத்திருக்க வேண்டும். சாதாரண மைக்ரோ சிடிக்கு ஆய்வுக் கருவிகளைப் பட்டியலிடும் மத்திய அரசின் ஐ-ஸ்டெம் இணையதளத்தில் கருவி பெயரைப் போட்டுத் தேடுங்கள். உயிரியல் மாதிரி எடுத்துப் பழகிய ஆள் இருக்கிறாரா என்று போனில் கேட்டுவிட்டே முன்பதிவு செய்யுங்கள். உலோக வார்ப்பும் பாறையும் மட்டும் பார்க்கிற இடங்களில் 100 கிலோவோல்ட்டுக்குக் கீழே இறங்கவே தயங்குவார்கள்.

படம் கைக்கு வந்த பிறகு வரும் கோளாறுகளில் அடிக்கடி பார்ப்பவை மூன்று. சுழல் மையத்தைச் சுற்றி வளையம் வளையமாக இருந்தால் டிடெக்டரின் சில பிக்சல்கள் சரியில்லை அல்லது ஃப்ளாட் ஃபீல்டு படம் (சாம்பிள் இல்லாமல் எடுக்கும் ஒப்பீட்டுப் படம்) பழசு. மாதிரியின் ஓரம் வெளுத்து நடு கறுத்தால் பீம் ஹார்டனிங், அதாவது வலுக்குறைந்த கதிர்களை ஓரமே வடிகட்டிவிடுவது. அடுத்த முறை ஃபில்டர் தடிமனைக் கூட்டலாம், இந்த முறைக்கு, எடுத்த படங்களைச் சேர்த்து 3டி ஆக்கும் மறுகட்டமைப்பு மென்பொருளில் திருத்தலாம். ஒவ்வொரு புள்ளியும் பிறை மாதிரி வளைந்திருந்தால் பயப்பட வேண்டாம், சுழல் மையம் ஒன்றிரண்டு பிக்சல் தள்ளி எடுக்கப்பட்டிருக்கிறது, திரும்பக் கணக்கிட்டால் சரியாகும். ஆனால் அப்படித் திரும்பக் கணக்கிட மூலப் படங்கள் உங்களிடம் இருக்க வேண்டும். அதனால் இறுதிப் படத்தை மட்டும் வாங்கிக்கொண்டு வராதீர்கள். 1,800 மூலப் படம் சுமார் 14 ஜி.பி., மறுகட்டமைத்தது 16 ஜி.பி., ஆக ஒரு மாதிரிக்கு 30 ஜி.பி. பத்துப் பழத்துக்கு 1 டி.பி. ஹார்ட் டிஸ்க் கொண்டுபோங்கள், வோக்சல் அளவு எழுதிய லாக் ஃபைலையும் மறக்காமல் நகலெடுங்கள். அது இல்லாத படம் வெறும் அழகுப் படம்.

கல்லூரிக் கம்ப்யூட்டரில் 8 ஜி.பி. மெமரிதான் என்றால் 16 பிட் படத்தை 8 பிட்டாக்கி, மூன்று பக்கமும் பாதியாகக் குறைத்தால் 16 ஜி.பி. 1 ஜி.பி. ஆகிவிடும். பார்க்கவும் அளக்கவும் ஃபிஜி, 3டி ஸ்லைசர், திருஷ்டி மூன்றுமே இலவசம். சுரங்கத்தின் கன அளவை எடுக்கும்போது எல்லோரும் விழும் குழி ஒன்று உண்டு. கறுப்பு எல்லாம் சுரங்கம் என்று எல்லை வைத்தால், நுழைவுத் துளை வழியாக அது வெளிக்காற்றோடு சேர்ந்துவிடும். காய்ந்த கொட்டையில் பார்ச்மென்ட் இடைவெளி, நடு மடிப்பு இவையும் கூடவே ஒட்டிக்கொள்ளும். சுரங்கம் பழத்தை விடப் பெரியது என்று எண் வரும். துளையின் வாயைப் படத்தில் கோடு போட்டு அடையுங்கள், மடிப்பைக் கையால் பிரியுங்கள். 20 குறுக்குவெட்டுக்கு ஒருமுறை கையால் எல்லை வரைந்து இடைப்பட்டவற்றை மென்பொருளை நிரப்பச் சொன்னால் ஒரு பழத்துக்கு ஒரு பிற்பகல் ஆகும். தானியங்கி முறையை நம்புவதைவிட அது மேல்.

மலையிலிருந்து கொண்டுவருவதில் ஒரு சின்ன எச்சரிக்கை. ஏற்காட்டுக் குளிரில் எத்தனால் பாட்டிலை விளிம்பு வரை நிரப்பி, 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கிச் சேலத்து வெயிலுக்கு வந்தால், 15 டிகிரி சூடு ஏறியதில் 50 மி.லி. எத்தனால் முக்கால் மி.லி.க்கு மேல் விரியும். மூடி கசிந்து லேபிள் நனையும். பத்தில் ஒரு பங்கு காலியாக விடுங்கள். லேபிளைப் பென்சிலில் எழுதிப் பாட்டிலுக்குள்ளேயே போடுங்கள். பால்பாயின்ட் மை எத்தனாலில் கரைந்து போகும், எந்த வண்டு எந்தப் பழத்திலிருந்து வந்தது என்பதும் அதோடு போய்விடும்.